பி.ஏ. சேர்க்கை: சராசரி மதிப்பெண் பிள்ளைகள் பணத்தைக் கோட்டைவிடும் இடங்கள்

ஒவ்வொரு மே மாதமும் இதே காட்சிதான். பிளஸ் டூவில் 600க்கு 350 வாங்கிய பிள்ளைக்கு வரலாறோ தமிழோ படிக்க ஆசை. வீட்டில் எல்லோருக்கும் பதற்றம். “இந்த மார்க்குக்கு கவர்மென்ட் காலேஜ் எங்கே கிடைக்கப் போகுது” என்று யாரோ சொல்ல, ரேங்க் லிஸ்ட் வெளியாவதற்குள் ஏதோ ஒரு கல்லூரியில் பணம் கட்டியாகிவிடும். அதே பிள்ளைக்கு ஜூனில் அரசுக் கல்லூரியிலிருந்து போன் வரும். அதற்குள் டி.சி. வேறு எங்கோ போய்ச் சேர்ந்திருக்கும்.

கடைசித் தேதியைத் தவறவிடாதே, போட்டோ எடுத்து வை என்பதெல்லாம் யாரும் சொல்வார்கள். கையைச் சுடும் தவறுகள் வேறு. தமிழ்நாட்டுக் கலைக் கல்லூரிச் சேர்க்கையில் அவை எங்கே இருக்கின்றன என்று மட்டும் பார்ப்போம்.

மொத்த மதிப்பெண்ணைப் பார்த்துத் தானே விலகிக்கொள்வது

அரசு கலை, அறிவியல் கல்லூரிகளுக்கான இணையவழி விண்ணப்பத்தில் தரவரிசை ஒன்றல்ல, மூன்று. பி.ஏ. தமிழுக்குத் தமிழ்ப் பாட மதிப்பெண். பி.ஏ. ஆங்கிலத்துக்கு ஆங்கிலப் பாட மதிப்பெண். மற்ற எல்லாவற்றுக்கும் மொழிப்பாடங்களை விட்டுவிட்டு நான்கு பாடங்களின் கூட்டு, அதாவது 400க்கு எவ்வளவு என்பது.

தமிழில் 91, ஆங்கிலத்தில் 52, மற்ற நான்கிலும் சேர்த்து 207 வாங்கிய பிள்ளையை எடுத்துக்கொள்வோம். 600க்கு 350. ஊரார் கணக்கில் சுமார் ரகம். தமிழ் தரவரிசையில் இதே பிள்ளை 100க்கு 91! பொதுப் பட்டியலில் 400க்கு 207 என்று பின்னால் நிற்பவர் இந்தப் பட்டியலில் முன்வரிசைக்கு வந்துவிடுவார். விண்ணப்பத்தில் பி.ஏ. தமிழைத் தேர்வு செய்யாமல் விட்டிருந்தால் அந்தப் பட்டியலில் பெயரே இருக்காது.

கூட்டம் முதலில் முட்டும் இடம் பி.காம்., கணினி அறிவியல். ஆங்கில இலக்கியத்துக்கும் போட்டி உண்டு. வரலாறு, பொருளியல், அரசியல் அறிவியல் ஆகியவற்றில், அதிலும் தமிழ்வழிப் பிரிவில், கட் ஆஃப் கீழே இறங்கும். பெருநகரக் கல்லூரிகளோடு நிறுத்திக்கொள்ளாமல் தாலுகா அளவில் உள்ள அரசுக் கல்லூரிகள் இரண்டையாவது விருப்பப் பட்டியலில் சேருங்கள்.

இன்னொன்று. ஓ.சி. பட்டியல் என்பது பொதுப் பட்டியல், எந்த வகுப்பினரும் மதிப்பெண் இருந்தால் அதில் வருவார்கள். அதற்கடுத்து பி.சி.க்கு 26.5, பி.சி. முஸ்லிமுக்கு 3.5, எம்.பி.சி./டி.என்.சி.க்கு (சீர்மரபினர்) 20, எஸ்.சி.க்கு 18 (அதற்குள் அருந்ததியருக்கு 3), எஸ்.டி.க்கு 1 சதவீதம். ஓ.சி. கட் ஆஃப்பைப் பார்த்துவிட்டு மனம் தளர்பவர்கள் தங்கள் வகுப்பின் வரிசையைப் பார்ப்பதே இல்லை.

கல்லூரியின் பெயரைப் பார்த்துச் சேர்வது, பிரிவைக் கேட்காமல் இருப்பது

எத்தனை முறை சொன்னாலும் தீராத எரிச்சல் இது.

பழைய, பெயர்பெற்ற அரசு உதவி பெறும் கல்லூரி. “அங்கே பீஸ் கம்மி, எங்க மாமா பையன் படிச்சான்” என்று நம்பிப் போகிறார்கள். மாமா பையன் படித்தது எய்டட் பிரிவில். இவர்களுக்குக் கொடுக்கப்பட்டது சுயநிதிப் பிரிவில் சீட். வாசல் ஒன்று, பெயர்ப்பலகை ஒன்று, பட்டச் சான்றிதழும் ஒரே பல்கலைக்கழகத்தினுடையது. கட்டணம் மட்டும் பல மடங்கு. எய்டட் பிரிவில் ஆசிரியருக்கு அரசு சம்பளம் தருகிறது. சுயநிதிப் பிரிவில் ஆசிரியர் சம்பளம், பராமரிப்பு எல்லாமே மாணவர் கட்டும் பணத்திலிருந்து வர வேண்டும்.

இது முதல் செமஸ்டரில் பலருக்குத் தெரிவதில்லை. சேர்க்கைக் கட்டணம், சீருடை, அந்த நிதி, இந்த நிதி என்று எல்லாம் கலந்திருப்பதால் “முதல் தடவை அப்படித்தான்” என்று நினைத்துக் கட்டிவிடுகிறார்கள். இரண்டாம் செமஸ்டரிலும் அதே தொகை கேட்கும்போதுதான் அலுவலகத்துக்கு ஓடுகிறார்கள். செமஸ்டருக்கு 20,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் ஆறு செமஸ்டருக்கு 1,20,000. தேர்வுக் கட்டணம் தனி. இடையில் எய்டட் பிரிவுக்கு மாற்றச் சொல்லிக் கேட்டால், அங்கே யாராவது விலகி இடம் காலியானால் ஒழிய நடக்காது. அப்படி ஒரு இடம் காலியானாலும் அதற்குக் காத்திருப்பவர்கள் பலர்.

நஷ்டம் கட்டணத்தோடு முடிவதுமில்லை. மூன்றாண்டு இளநிலைப் படிப்பில் பி.சி., எம்.பி.சி., சீர்மரபினர் மாணவர்களுக்கு வருமான வரம்பு இல்லாமல் அரசு தரும் கல்வி உதவித்தொகை, அரசு மற்றும் அரசு உதவி பெறும் படிப்புகளுக்கானது. சுயநிதிப் பிரிவில் உட்கார்ந்துகொண்டு “பக்கத்து வகுப்புக்கு வருது, எங்களுக்கு வரலையே” என்று கேட்டுப் பயனில்லை.

இதில் குழப்புவது ஷிப்ட் என்ற சொல். அரசுக் கல்லூரியில் ஷிப்ட் 1, ஷிப்ட் 2 இரண்டுமே அரசு இடங்கள்தான். மதிய ஷிப்ட் என்பதற்காக அந்த சீட்டை விட்டுவிடாதீர்கள். பல உதவி பெறும் கல்லூரிகளில் ஷிப்ட் 2 என்றால் சுயநிதி. சில இடங்களில் இரண்டு பிரிவும் ஒரே நேரத்தில் நடக்கும், நேரத்தை வைத்துக் கண்டுபிடிக்கவே முடியாது.

ஆகவே பணம் கட்டுமுன் கேட்க வேண்டியவை:

“இந்த சீட் எய்டடா, எஸ்.எஃப்.பா (சுயநிதியா)?” சேர்க்கை மேசையில் கேட்பதோடு கல்லூரி அலுவலகத்திலும் கேளுங்கள். கையேட்டில் பாடப்பிரிவுகள் இரண்டு பட்டியலாக இருக்கும், பாடம் எந்தப் பட்டியலில் வருகிறது என்று விரலை வைத்துப் பாருங்கள். இரண்டிலும் ஒரே பாடம் இருந்தால் சேர்க்கைக் கடிதத்தில் எது அச்சாகியிருக்கிறது என்பதே முடிவு.

ஆறு செமஸ்டருக்கும் என்னென்ன கட்டணம் என்று எழுதி வாங்குங்கள். பயிற்சிக் கட்டணம், சிறப்புக் கட்டணம், பல்கலைக்கழகக் கட்டணம், தேர்வுக் கட்டணம் என்று தனித்தனியாக வேண்டும். “சுமாரா இவ்வளவு வரும்” என்பது பதில் அல்ல. ரசீது இல்லாமல் ஒரு ரூபாய் கட்டாதீர்கள்.

கலைப் பாடம் படிக்க நினைப்பவருக்கு இங்கே ஒரு சாதகம் இருப்பதையும் சொல்ல வேண்டும். பல பத்தாண்டுகளாகப் புதிய பாடப்பிரிவுகளுக்கு அரசு உதவி கிடைப்பது அரிதாகிவிட்டது. அதனால் எய்டட் இடங்கள் அதிகம் இருப்பது பழைய துறைகளில்: தமிழ், ஆங்கிலம், வரலாறு, பொருளியல், தத்துவம். சந்தையில் சூடாக இருக்கும் பாடங்கள்தான் பெரும்பாலும் சுயநிதி. பெயர்பெற்ற கல்லூரி என்று பயந்து ஒதுங்கும் சராசரி மாணவர், அங்கே எய்டட் வரலாற்றுக்கு விண்ணப்பமே போடுவதில்லை. அரசுக் கல்லூரிக்கான இணையதளத்தில் இந்தக் கல்லூரிகள் வராது. ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக விண்ணப்பிக்க வேண்டும்.

அவசரத்தில் டி.சி.யைக் கொடுத்துவிடுவது

“இன்னைக்கே கட்டினாத்தான் சீட்” என்பவரிடம் பணம் போனால்கூட ஒரு பகுதி திரும்பும். ஒரிஜினல் போனால் அரசுக் கவுன்சிலிங்கில் உட்கார முடியாது. சான்றிதழ்களைச் சரிபார்த்துத் திருப்பித் தர வேண்டும், கையில் வைத்துக்கொள்ளக் கூடாது என்று 2018இல் யு.ஜி.சி. (பல்கலைக்கழக மானியக் குழு) அறிவித்தது. கட்டணத்தைத் திருப்பித் தரும் அளவும் அதிலேயே இருக்கிறது. அறிவிக்கப்பட்ட கடைசிச் சேர்க்கை நாளுக்கு 15 நாளோ அதற்கு மேலோ முன்பாக விலகினால் முழுத் தொகை (5 சதவீதம், அதிகபட்சம் 5,000 ரூபாய் பிடிக்கலாம்). அதற்குப் பிறகு, கடைசி நாளுக்குள் என்றால் 90 சதவீதம். கடைசி நாள் கடந்து 15 நாளுக்குள் 80, முப்பது நாளுக்குள் 50, அப்புறம் ஒன்றுமில்லை. விலகல் கடிதத்தைத் தேதியோடு எழுதிக் கொடுத்து, நகலில் அலுவலக முத்திரை வாங்குங்கள். வாயால் சொன்ன விலகலுக்குத் தேதி கிடையாது.

முதல் பட்டதாரிச் சான்றுக்கு அலைவது

அந்தக் கட்டணச் சலுகை தொழிற்கல்விக்கு. பி.ஏ.வுக்கு இல்லை.

7.5 சதவீத ஒதுக்கீட்டை நம்புவது

அரசுப் பள்ளி மாணவர்களுக்கான அந்த ஒதுக்கீடும் அப்படியே, தொழிற்கல்விக்குத்தான்.

பயிற்றுமொழியையும் பாடத்தையும் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்பது

ஒன்றாம் வகுப்பிலிருந்து தமிழ்வழியில் படித்த பிள்ளை, பட்டப்படிப்பில் ஆங்கிலவழிப் பிரிவை எடுத்தால், பட்டப்படிப்பைத் தகுதியாகக் கேட்கும் தமிழ்நாடு அரசுப் பணிகளில் தமிழ்வழிக்கான 20 சதவீத முன்னுரிமையை இழக்கிறது. 2020 திருத்தத்துக்குப் பிறகு, பள்ளியிலிருந்து அந்தப் பட்டம் வரை முழுவதும் தமிழ்வழியாக இருக்க வேண்டும். ஆங்கிலத்தில் படித்தால்தான் மரியாதை என்று எடுப்பவர்கள் இந்தக் கணக்கைப் போட்டுவிட்டு எடுக்கட்டும்.

ஆசிரியராக ஆசை என்றால் இன்னொரு கணக்கு. தமிழ், ஆங்கிலம், வரலாறு படித்தவர் பி.ஏ. முடித்ததும் பி.எட். போகலாம். பொருளியல், அரசியல் அறிவியல், சமூகவியல் படித்தவருக்கு முதுகலையும் முடித்தால்தான் பி.எட். இரண்டு வருடச் செலவு கூடுதல். பட்டத்தின் பெயர் வழக்கமான “வரலாறு” என்றில்லாமல் புதுமையாக இருந்தால், அது வரலாற்றுப் பட்டத்துக்கு இணையானது என்று அரசாணை இருக்கிறதா என்று சேருமுன் கேளுங்கள். படித்து முடித்தபின் ஆணைக்குக் காத்திருப்பவர்கள் நிறைய.

மற்ற பணத்தை மறப்பது

அரசுப் பள்ளியில் 6 முதல் பிளஸ் டூ வரை படித்த மாணவிக்குப் புதுமைப் பெண் (2022), மாணவனுக்குத் தமிழ்ப் புதல்வன் (2024): மாதம் 1,000 ரூபாய். தொலைதூரக் கல்விக்குக் கிடையாது. வங்கிக் கணக்கில் ஆதார் இணைப்பு இல்லாவிட்டால் பணம் வராது, இதைச் சேர்வதற்கு முன்பே வங்கியில் முடித்துவிடுங்கள்.

தொலைவு என்றால் அரசு விடுதி. 2025இல் இவை சமூகநீதி விடுதி என்று பெயர் மாறின. பி.சி., எம்.பி.சி. விடுதிகளில் மாணவனுக்கு வீட்டுக்கும் கல்லூரிக்கும் 8 கி.மீ. இடைவெளி வேண்டும், மாணவிக்கு அந்த நிபந்தனை இல்லை. கல்லூரியில் இடம் கிடைத்த அன்றே விடுதி விண்ணப்பத்தையும் கேட்டு வாங்குங்கள்.

ஏஜென்ட்

வேண்டாம்.

முதல் கட்டத்தோடு கைவிடுவது

அரசுக் கல்லூரிக் கவுன்சிலிங் அந்தந்தக் கல்லூரியில் நேரில் நடக்கும். ஐந்து கல்லூரிக்கு விண்ணப்பித்தால் அழைப்பும் ஐந்து இடத்திலிருந்து வரலாம், சில சமயம் ஒரே நாளில். போனில் ஒருவர், வாட்ஸ்அப்பில் ஒருவர், மின்னஞ்சலில் ஒருவர் என்று கூப்பிடுவார்கள். ஆகவே விண்ணப்பத்தில் பிரவுசிங் சென்டர்காரர் எண்ணைப் போட விடாதீர்கள். ஒவ்வொரு கல்லூரியின் இணையதளத்திலும் தரவரிசைப் பட்டியலை நீங்களே பாருங்கள்.

முதல் கட்டத்தில் பெயர் வராவிட்டாலும் அடுத்த கட்டம் உண்டு. பொறியியல், நர்சிங் என்று கிடைத்தவர்கள் கிளம்பியபின் வரலாறு, பொருளியல் வகுப்புகளில் இடம் காலியாகும். வகுப்பு தொடங்கிய பிறகும் சில கல்லூரிகளில் சேர்க்கை நடக்கும். அதற்குத் தனி அழைப்பு வராமலும் போகலாம். மதிப்பெண் பட்டியல்கள், டி.சி., சாதிச் சான்று, ஆதார், வங்கிப் புத்தக நகல், போட்டோ எல்லாம் ஒரே கோப்பில் வைத்து, விண்ணப்ப எண்ணோடு வாரம் ஒருமுறை கல்லூரி அலுவலகத்துக்கு நேரில் போய், “தமிழ்வழியில் இடம் இருக்கா, எந்த வகுப்பு ஒதுக்கீட்டில் இருக்கு” என்று கேளுங்கள். இருந்தால் பணம் கட்டி அன்றே சேர்ந்துவிடலாம்.