ராத்திரி கபடிக்கு எந்த லென்ஸ்?

கேமரா வாங்கிய கையோடு தம்பிகள் கேட்பது, "அண்ணே, எவ்வளவு ஸூம் வாங்கலாம்?" நானும் அப்படி யோசித்துத்தான் முதலில் 70-300 மி.மீ. ஸூம் லென்ஸ் வாங்கினேன். அதை மாட்டிக்கொண்டு பக்கத்து ஊர் கபடிக்குப் போனால், எடுத்த நானூறு படத்திலும் கையும் காலும் புகையாக இழுத்துக்கொண்டிருந்தன. தெளிவாக விழுந்தவர் ஒருவர்தான், ஸ்கோர் எழுதிக்கொண்டு உட்கார்ந்திருந்தவர்.

முதலில் நிற்கும் இடத்தை முடிவு செய்யுங்கள். ஆண்கள் கபடிக் களம் 13 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலம், அவ்வளவுதான். பிடிக்கிற அணிக்குப் பின்னால், கடைக்கோட்டுக்கு இரண்டு மீட்டர் தள்ளி உட்கார்ந்தால் பாடி வருகிறவரின் முகம் நேராகக் கிடைக்கும். நடுக்கோட்டைத் தாண்டும்போது அவர் உங்களிடமிருந்து சுமார் 8 மீட்டரில் இருப்பார். எதிர்ப்பக்கம் போகிற ரெய்டை விட்டுவிடுங்கள்.

அடுத்து, செலவில்லாத ஒரு சோதனை. கேமராவோடு வந்த 18-55 லென்ஸை 50 மி.மீ.இல் வைத்து, ஸூம் வளையம் நகராமல் டேப் ஒட்டி, ஒரு மேட்ச் முழுக்க எடுங்கள். கிராப் சென்சார் (ஃபுல் ஃப்ரேமைவிடச் சிறிய சென்சார்) கேமராவில் 8 மீட்டர் தூரத்துக்கு அது ஏறக்குறைய மூன்றே முக்கால் மீட்டர் அகலத்தைக் காட்டும். ரெய்டரும் காலைப் பிடிக்கப் பாய்கிறவரும் சேர்ந்தே அடங்குவார்கள். முகபாவம்தான் வேண்டுமென்றால் 85 மி.மீ. லென்ஸ். ஆனால் கூட்டுப்பிடி விழும்போது பாதிப் பேர் படத்துக்கு வெளியே போய்விடுவார்கள்.

இப்போது வெளிச்சக் கணக்கு. லென்ஸ் மேல் போட்டிருக்கும் திறப்பு எண் சிறியதாக இருந்தால் திறப்பு பெரிது. 1.8 என்று போட்டிருந்தால், இந்த ஸூம் லென்ஸ்களை முழுக்க இழுத்தால் கிடைக்கிற 5.6ஐவிட ஏறக்குறைய பத்து மடங்கு வெளிச்சத்தை உள்ளே விடும். ஐஎஸ்ஓ (கேமராவின் ஒளி உணர்திறன்) 3200 வைத்து 1.8இல் 1/800 நொடி ஷட்டர் வேகம் கிடைக்கிற ஃபோகஸ் லைட்டில், 5.6இல் 1/80தான் கிடைக்கும். ஓடுகிற காலை அது நிறுத்தாது. லென்ஸில் ஸ்டெபிலைசர் இருக்கிறதே என்பீர்கள். அது உங்கள் கை நடுக்கத்துக்கு. பாய்கிற ஆளை அது என்ன செய்யும்?

ஆகவே முதல் லென்ஸ் 50 மி.மீ. 1.8. பழையது வாங்கினாலும் பரவாயில்லை, ஆனால் ஒன்றைப் பாருங்கள்: நிக்கான் டி3500, டி5600 போன்ற கேமராக்களுக்குள் ஃபோகஸ் மோட்டார் கிடையாது. தனக்குள் மோட்டார் இல்லாத பழைய ஏஎஃப்-டி லென்ஸ் மலிவாக வருகிறதே என்று வாங்கினால் கையால்தான் ஃபோகஸ் செய்ய வேண்டும். லென்ஸிலேயே மோட்டார் உள்ள ஏஎஃப்-எஸ் என்று இருக்கிறதா பார்த்து வாங்குங்கள்.

70-300ஐ நான் விற்கவில்லை. பகல் கிரிக்கெட்டுக்கு அதுதான். பவுண்டரியிலிருந்து 70 மீட்டர் தள்ளி நிற்கிற பேட்ஸ்மேன் 300இல் படத்தின் பாதி உயரத்துக்கு வருவார்.

அப்புறம், ராத்திரி தொடர்ச்சியாக எடுக்கும்போது சில படங்கள் மட்டும் இருட்டாகவோ மஞ்சளாகவோ விழுந்தால் லென்ஸைத் திட்டாதீர்கள். நம் மின்சாரத்தில் மெட்டல் ஹாலைடு விளக்குகள் நொடிக்கு 100 தடவை துடிக்கும். கேமரா மெனுவில் ஃப்ளிக்கர் குறைப்பு இருந்தால் போட்டுக்கொள்ளுங்கள்.