மலையிலிருந்து கடலுக்குப் பறவை பார்க்கப் போகிறவர்கள் செய்யும் தவறுகள்

வானம் தெளிந்த நாளில் அப்புத்தளையில் நின்றால் தெற்கே கடல் மெல்லிய கோடாகத் தெரியும். அந்தக் கோட்டைப் பார்த்தே ஆசைப்பட்டு, ஒக்டோபரில் வேன் பிடித்து வெல்லவாய வழியாகத் தென்கரையிலுள்ள புந்தல தேசிய பூங்காவுக்கு இறங்கினோம். செய்யக்கூடாததை எல்லாம் செய்தோம்.

பூநாரைக்காகப் புந்தல போகாதீர்கள். பாசன வயல்களில் வடிகிற நன்னீர் களப்புகளில் கலந்து உப்பு குறைந்தபின், அந்தக் கூட்டம் அங்கே வருவது அநேகமாக நின்றுவிட்டது. பூநாரைக்கு மன்னார், வங்காலைப் பக்கம்தான் போக வேண்டும், அதுவும் நவம்பருக்குப் பிறகு. புந்தலவில் சேற்றில் இரை தேடும் உள்ளான்களையும், நீரில் பாய்ந்து மீன் பிடிக்கும் ஆலாக்களையும் பாருங்கள்.

ஏசி வேனிலிருந்து இறங்கியதும் பைனாகுலரைத் தூக்கினால் கண்ணாடி வேர்த்துவிடும். நுவரெலியா மூடுபனி லென்ஸில் வந்து உட்கார்ந்த மாதிரி. அரை மணிக்கு முன்பே ஏசியை அணைத்து ஜன்னலைத் திறந்துவிடுங்கள். நாங்கள் துடைத்து முடிப்பதற்குள் வெயில் ஏறி, உப்பளத்தில் கானல் ஆடத் தொடங்கியது. அப்புறம் எந்தப் பறவையைப் பார்த்தாலும் மிகச் சிறிய கொசு உள்ளான் மாதிரித்தான்.

வெளிநாட்டுக் குறிப்புகளை வாசித்துக் கடல் ஏற்றத்துக்குக் காத்திருப்பதும் வீண். நம் கரையில் ஏற்றவற்றம் ஒரு மீட்டர்கூட இல்லை. முகத்துவார மணல்திட்டு உடைந்து, களப்பில் சேறு தெரிகிறதா என்று விசாரியுங்கள்.

எல்லாவற்றையும்விடப் பெரிய தவறு, களப்பையே பார்த்துக்கொண்டு கடலுக்கு முதுகு காட்டி நிற்பது. நுவரெலியா விக்டோரியா பூங்காப் புதரில் ஆறுமணிக் குருவியைத் தேடிப் பழகிய கண் நமக்கு. கடலில் அது உதவாது. ஓரிடத்தில் உட்கார்ந்து அடிவானம் வரை மெதுவாகத் துழாவ வேண்டும். தேங்காய் மட்டை என்று நான் அடித்துச் சொன்னது, மூச்சு இழுத்துவிட்டு முங்கிப்போனது. கடலாமை! ஆலாக்கள் ஒரே இடத்தில் மாறி மாறி விழுந்தால் கீழே மீன்கூட்டம் இருக்கும். அங்கே ஓங்கிலும் (டொல்பின்) வரலாம், கண்ணை எடுக்காதீர்கள்.

உயிரோடு கரையொதுங்கிய ஓங்கிலை வாலைப் பிடித்து இழுக்காதீர்கள், செல்ஃபிக்கும் சுற்றி நிற்காதீர்கள். மூச்சுத்துளை தலை உச்சியில் இருக்கிறது, அதற்குள் தண்ணீரோ மணலோ போகக்கூடாது. துளையை விட்டு உடம்பில் ஈரத்துணி போர்த்தி, வனசீவராசிகள் திணைக்களத்தின் 1992 இலக்கத்துக்கு அழையுங்கள். 2020 நவம்பரில் பாணந்துறையில் ஏறத்தாழ 100 திமிங்கிலங்கள் கரையேறியபோது, கடற்படையும் ஊர்ச்சனமும் இரவிரவாகத் தள்ளிப் பெரும்பாலானவற்றைக் கடலில் சேர்த்தார்கள்.

களப்போரம் காலாற நடக்க நினைக்காதீர்கள், முதலை உண்டு. ஸ்வெட்டரை வேனிலேயே வையுங்கள். கூட வந்தவர்கள் கரையில் கிண்டல் பண்ணுவார்கள்தான், ஆனால் இரவு மலைக்குத் திரும்பும் பெரகல ஏற்றத்தில் அவர்களே கேட்பார்கள்.