ஒயின் லிஸ்ட் கைக்கு வந்ததும் நாம் செய்யும் தவறுகள்

நல்ல உணவகத்தில் போய் உட்கார்ந்ததும் தடிமனாக ஒரு ஒயின் லிஸ்ட்டைக் கொண்டுவந்து நீட்டுவார்கள். முக்கால்வாசிப் பேரின் கண் நேராக வலது ஓரத்து விலைக்குப் போகும், அதில் தப்பே இல்லை. அடுத்து நடப்பதுதான் தப்பு. ஆக மலிவானதைக் கேட்டால் கஞ்சன் என்று நினைத்துவிடுவார்களோ என்ற கூச்சத்தில் அதற்கு அடுத்த விலையில் இருப்பதைச் சொல்லிவிடுவோம். இந்தக் கூச்சம் தெரிந்துதான் உணவகக்காரர்கள் அந்த இரண்டாவது பாட்டிலில் லாபத்தை ஏற்றி வைக்கிறார்கள் என்று ஒரு பேச்சும் ரொம்ப நாளாக உண்டு. டேவிட் டி மெசா, விக்ரம் பதானியா என்ற இரண்டு பொருளாதார ஆய்வாளர்கள் லண்டனில் 200-க்கும் மேற்பட்ட உணவகங்களின் லிஸ்ட்டை எடுத்து அலசி, 2021-இல் முடிவைச் சொன்னார்கள்: அந்தப் பேச்சு உண்மையில்லை, அடக்க விலைக்கு மேல் விகிதப்படி அதிகமாக ஏற்றியிருப்பது லிஸ்ட்டின் நடுப்பகுதியில்தான். அதனால் இரண்டாவதைக் கண்டு பயப்படவும் வேண்டாம், நடுவில் ஏதாவது எடுத்தால் பத்திரம் என்று நம்பவும் வேண்டாம்.

அப்புறம் எப்படித்தான் எடுப்பது? கேட்டுத்தான். பெரிய உணவகங்களில் ஒயினுக்கென்றே ஒருவர் இருப்பார், சொமலியே என்பார்கள். அவரிடம் பேசினால் விலை கூடிய பாட்டிலைத் தலையில் கட்டிவிடுவார் என்று ஒதுங்குகிறோம். லிஸ்ட்டில் உங்களுக்குக் கட்டுப்படியாகிற ஒரு விலையின் மேல் விரலை வைத்து, "இது மாதிரி ஒன்று பார்க்கிறேன், நாங்கள் ஆட்டிறைச்சியும் மீனும் சொல்லியிருக்கிறோம்" என்று மட்டும் சொல்லிப் பாருங்கள். விரல் எங்கே இருக்கிறது என்று அவர் பார்த்துக்கொள்வார், கூட வந்த விருந்தாளிக்குத் தொகை காதில் விழாது. கிளாஸ் கணக்கில் வாங்குவதாக இருந்தால் பாட்டிலை எப்போது திறந்தார்கள் என்று கேட்க வெட்கப்படாதீர்கள், மூன்று நாளாகத் திறந்து கிடக்கிற ஒயினுக்கும் அதே காசுதான் போடுவார்கள். 750 மில்லி பாட்டிலில் 150 மில்லி வீதம் ஐந்து கிளாஸ் வரும். மேசையில் மூன்று பேர் குடிக்கிறவர்கள் என்றால் பெரும்பாலும் பாட்டிலாக வாங்குவதுதான் லாபம்.

பாட்டில் வந்ததும் ஒரு சடங்கு நடக்கும். லேபிளைக் காட்டுவார்கள், தலையாட்டிவிட்டுப் பேச்சைத் தொடர்வோம். அந்த ஒரு நொடி திராட்சை அறுவடை ஆண்டைப் படியுங்கள், லிஸ்ட்டில் 2018 என்று இருந்து கையில் 2021 வருவது சாதாரணமாக நடக்கிறது. பிறகு கார்க்கை எடுத்து முன்னால் வைப்பார்கள், அதை மூக்கில் வைத்து உறிஞ்ச வேண்டியதில்லை. முகர வேண்டியது கிளாஸில் ஊற்றித் தருகிற அந்த ஒரு வாயைத்தான். அது உங்களுக்குப் பிடித்திருக்கிறதா என்று கேட்பதற்கு இல்லை, கெட்டுப்போயிருக்கிறதா என்று பார்ப்பதற்கு. கார்க்கில் டிசிஏ என்ற வேதிப்பொருள் உருவாகியிருந்தால் ஒயினில் நனைந்த அட்டைப்பெட்டி வாடை அடிக்கும், பழ வாசனையே இருக்காது. அப்படி இருந்தால் தயங்காமல் சொல்லுங்கள், நல்ல இடத்தில் மறுபேச்சில்லாமல் வேறு பாட்டில் திறப்பார்கள். திருகு மூடி போட்ட பாட்டில் வந்தால் முகம் சுளிப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். கார்க்கால் வரும் இந்தத் தொல்லை தாங்காமல்தான் ஆஸ்திரேலியாவின் கிளேர் பள்ளத்தாக்கில் ரீஸ்லிங் என்ற ஒயிட் ஒயின் செய்கிறவர்கள் 2000-இல் கூட்டமாகத் திருகு மூடிக்கு மாறினார்கள், நியூசிலாந்து முக்கால்வாசிக்கு மேல் அந்தப் பக்கம் போய்விட்டது.

என்னைக் கேட்டால் எல்லாவற்றிலும் பெரிய தவறு சூடு. ரெட் ஒயினை அறை வெப்பநிலையில் குடிக்க வேண்டும் என்று யாரோ சொன்னதைப் பிடித்துக்கொண்டிருக்கிறோம். ஹீட்டர் இல்லாத காலத்து ஐரோப்பிய வீட்டு அறை அது, 16 முதல் 18 டிகிரிதான் இருக்கும். சென்னையிலோ சிங்கப்பூரிலோ அலமாரியில் 30 டிகிரியில் நின்ற பாட்டிலை அப்படியே திறந்தால் ஆல்கஹால்தான் முதலில் மூக்கில் ஏறும், எவ்வளவு விலை கொடுத்திருந்தாலும் கஷாயம்தான். வீட்டில் என்றால் ரெட்டைப் பரிமாறும் முன் அரை மணி நேரம் ஃபிரிட்ஜில் வையுங்கள், ஒயிட்டை ஒரு கால் மணி நேரம் முன்னதாக வெளியே எடுத்துவிடுங்கள், ஏனென்றால் ஃபிரிட்ஜின் 4 டிகிரியில் வாசனை முழுக்க அமுங்கிக் கிடக்கும். உணவகத்தில் ரெட் வெதுவெதுவென்று வந்தால் ஐஸ் வாளி கேளுங்கள், சர்வர் ஒரு மாதிரி பார்த்தால் பார்க்கட்டும். வாளியில் ஐஸ் மட்டும் போட்டால் பாட்டிலைச் சரியாகத் தொடாது, பாதிக்குத் தண்ணீரும் ஊற்றச் சொல்லுங்கள், பத்து நிமிடத்தில் இறங்கிவிடும்.

பண்டிகை விருந்தில் நடக்கிற கூத்து வேறு மாதிரி. அமெரிக்காவில் நவம்பர் நான்காவது வியாழன் தேங்க்ஸ்கிவிங் அன்று, பெரிய நாள் ஆயிற்றே என்று இருப்பதிலேயே கனமான, 15 சதவீத ஆல்கஹால் உள்ள நாப்பா கேபர்னே என்ற ரெட்டைத் திறப்பார்கள். வான்கோழி நெஞ்சுக்கறியோ கொழுப்பில்லாத வறண்ட இறைச்சி, பக்கத்திலேயே கிரான்பெரி சாஸின் இனிப்பும் புளிப்பும். அந்த ஒயினின் துவர்ப்புக்கு ஈடுகொடுக்கக் கொழுப்பு வேண்டும், அது இங்கே இல்லை, வாய் இன்னும் காய்ந்துதான் போகும். மாட்டிறைச்சி ஸ்டேக்குக்கு எடுத்துவைக்க வேண்டிய பாட்டில் அது. வான்கோழிக்குத் துவர்ப்பு குறைந்து புளிப்பு தூக்கலாக இருக்கிற பினோ நுவார் போகும், பிரான்ஸின் போஜோலே போகும். போஜோலேயில் புது அறுவடை நுவோ என்ற பெயரில் வருடாவருடம் நவம்பர் மூன்றாவது வியாழன் கடைக்கு வரும், தேங்க்ஸ்கிவிங்குக்குச் சரியாக ஒரு வாரம் முன்னால். ஆனால் அதே ஊர்ப்பக்கத்து மோர்கோன், ஃப்ளூரி என்று பெயர் போட்ட பாட்டில்கள் கொஞ்சம் கூடுதல் காசுக்கு எவ்வளவோ மேல்.

நியூ ஜெர்சி தமிழ் வீடுகளில் வான்கோழிக்குப் பக்கத்தில் மட்டன் பிரியாணியும் மிளகு வறுவலும் உட்கார்ந்திருக்கும், அங்கே கணக்கே மாறிவிடும். ஆல்கஹாலும் துவர்ப்பும் காரத்தை ஏற்றிவிடும், அடக்காது. ஜெர்மனியின் மோசல் ரீஸ்லிங்கில் காபினெட் என்று போட்டிருப்பதில் ஆல்கஹால் பெரும்பாலும் 8, 9 சதவீதம்தான், லேசான இனிப்பு, நல்ல புளிப்பு, மிளகுக்கு அது சரியான ஜோடி. லேபிளில் ட்ரோக்கன் என்று இருந்தால் இனிப்பில்லாதது, அதை விட்டுவிடுங்கள். மீனுக்கு ரெட் கூடாது என்பதும் பாதி உண்மைதான். சில ரெட் ஒயின்களில் இருக்கிற இரும்புச் சத்துதான் வாயில் கவிச்சியைக் கிளப்புகிறது என்று 2009-இல் ஜப்பான் ஆய்வாளர்கள் காட்டினார்கள். அதனால் மெல்லிய ரெட் ஒன்றை சால்மனோடு குடித்தால் குடி முழுகிப் போகாது.

கிறிஸ்துமஸ், புத்தாண்டு என்றால் நுரை ஒயின். கேக் வெட்டும்போது ப்ரூட், அதாவது இனிப்பு ரொம்பக் குறைவு, என்று போட்ட ஷாம்பெயினை ஊற்றுவது ஊர் முழுக்க நடக்கிறது. கேக்கின் இனிப்புக்கு முன்னால் அது எலுமிச்சைச் சாறு மாதிரி புளிக்கும். இனிப்புப் பண்டத்தைவிட ஒயின் ஒரு படி கூடுதலாக இனித்தால்தான் சரிவரும். லேபிள்காரர்கள் வேறு குழப்புவார்கள்: எக்ஸ்ட்ரா டிரை என்று இருந்தால் ப்ரூட்டைவிட இனிப்பு கம்மி என்று நினைப்போம், நிஜத்தில் லிட்டருக்கு 12 முதல் 17 கிராம் சர்க்கரை, ப்ரூட்டில் 12-க்குள். கேக்குக்கு டெமி செக் என்று போட்ட இனிப்பு வகை வாங்குங்கள், அல்லது இத்தாலியின் மொஸ்காட்டோ தாஸ்தி, விலையும் குறைவு. ஷாம்பெயின் என்ற பெயருக்குக் கட்டாயம் இல்லை என்றால் ஸ்பெயினின் காவாவும் பிரான்ஸின் மற்றப் பகுதிகளில் வரும் கிரெமோனும் அதே முறையில் பாட்டிலுக்குள் நுரைக்க வைத்தவைதான். திறக்கும்போது படீரென்று பறக்கவிடாதீர்கள், ஷாம்பெயின் பாட்டிலுக்குள் கார் டயரைப்போல இரண்டு மூன்று மடங்கு அழுத்தம் இருக்கிறது, கண்ணில் பட்டால் கண் போய்விடும். நன்றாகக் குளிரவைத்து, பாட்டிலைச் சாய்த்துப் பிடித்து, கார்க்கை ஒரு கையால் அமுக்கிக்கொண்டு, பாட்டிலைத் திருப்புங்கள்.

பரிசாக வாங்கும்போது பழையதுதான் உசத்தி என்று பரணிலிருந்து எடுத்துக் கொடுப்பது இன்னொன்று. கடையில் கிடைக்கும் ஒயினில் மிகப் பெரும்பகுதி சில வருடங்களுக்குள் குடித்துவிடவே செய்தது, வெயிலூரில் அலமாரியில் பத்து வருடம் நின்றது கிட்டத்தட்ட வினிகர். ரிசர்வ் என்ற சொல்லுக்கும் மயங்காதீர்கள். ஸ்பெயினின் ரியோகாவில் ரெட் ஒயினுக்கு ரெசெர்வா என்று போட மூன்று வருடம் வைத்திருக்க வேண்டும், அதில் ஒரு வருடமாவது ஓக் பீப்பாயில். அமெரிக்க லேபிளில் அதே சொல்லை யார் வேண்டுமானாலும் ஒட்டிக்கொள்ளலாம், கூட்டரசுச் சட்டத்தில் விளக்கமே கிடையாது.

வீட்டிலிருந்து பாட்டிலை உணவகத்துக்குக் கொண்டுபோக நினைத்தால் முதலில் போன் செய்து அனுமதி உண்டா, திறப்புக் கட்டணம் எவ்வளவு என்று கேட்டுக்கொள்ளுங்கள். அவர்கள் லிஸ்ட்டிலேயே இருக்கிற ஒயினைக் கொண்டுபோவது மரியாதை இல்லை. மீந்துபோனால் ரெட்டாக இருந்தாலும் மூடி ஃபிரிட்ஜில்தான் வைக்க வேண்டும், இரண்டு மூன்று நாள் தாங்கும். அதற்கு மேல் போனால் மட்டன் ஸ்ட்யூவில் ஊற்றிவிடுங்கள்.