பாமினியில் பூட்டிய கோப்பு

கல்லடி வீட்டுக் கணினியை விண்டோஸ் 7இலிருந்து 10க்கு மாற்றிய பிறகு, அப்பாவின் பழைய வேர்ட் கோப்புகள் திறக்கவில்லை. பாஸ்வேர்ட் 'அம்மா' என்று அவரே சொன்னார். அடித்தால் பிழை. கோப்புதான் பழுதாகிவிட்டதென்று இரண்டு நாள் மண்டையை உடைத்துக்கொண்டேன்.

அப்புறம்தான் பிடிபட்டது. அப்பா பாமினி எழுத்துருவில் தட்டச்சுப் பழகியவர். பாமினியில் திரையில் தெரிவதுதான் தமிழ். உள்ளே பதிவது ஆங்கில எழுத்து. நானோ தமிழ் எழுத்தையே பதியும் யுனிகோட் கீபோர்டில் அடித்துக்கொண்டிருந்தேன். ஆங்கிலக் கீபோர்டுக்கு மாற்றி, சின்ன எழுத்தில் எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்று அடித்தேன். திறந்துவிட்டது! உடனே 'புரொடெக்ட் டொக்கியுமென்ட்' பகுதிக்குப் போய் பாஸ்வேர்டை அழித்துச் சேமித்தேன்.

அப்பாவுக்குத்தான் கோபம்: "பூட்டை ஏன் மனே கழட்டின நீ?"