பெயர் மனதில் நிற்கவில்லையா? அது எதைப் போல இருக்கிறது என்று பாருங்கள்

உயிரியல் பெயர்களை நெட்டுரு போடுபவர்களுக்கு ஒரு குறிப்பு. பெயரைப் படிக்கும் முன் படத்தைப் பாருங்கள். பாதிப் பெயர்கள் உருவத்திலேயே இருக்கும்.

நடுச்செவியில் இருக்கும் அங்கவடி எலும்பையே எடுத்துக்கொள்ளுங்கள். அங்கவடி என்பது குதிரைச் சேணத்தில் கால் வைக்கும் வளையம். எலும்பும் அச்சு அசல் அதேதான்: மேலே வளைவு, கீழே தட்டையான அடி, நடுவில் ஓட்டை. நீளம் 3 மி.மீ. சுமார்தான், நம் உடம்பின் மிகச் சிறிய எலும்பு. ஒருமுறை பார்த்துவிட்டால் மறக்கவே மாட்டீர்கள். உட்செவியில் இருக்கும் காக்ளியா, நத்தை ஓடு மாதிரி ஏறத்தாழ இரண்டரைச் சுற்று சுருண்டிருக்கும்; லத்தீனில் அந்தச் சொல்லுக்குப் பொருளும் நத்தைதான். மூளையில் நினைவாற்றலோடு தொடர்புடைய ஹிப்போகேம்பஸ், கடல் குதிரை. சங்குப்பூவுக்கு விளக்கமே வேண்டாம்.

சரி, ஒரே ஒரு எச்சரிக்கை. சாயலை வைத்து இனத்தை முடிவு செய்துவிடாதீர்கள். கடல் குதிரை ஒரு மீன். நட்சத்திர மீனோ மீனே இல்லை. அதற்கு முதுகெலும்பே கிடையாது. கடல் வெள்ளரி விலங்கு. கேள்வித்தாளில் ஆளைக் கவிழ்ப்பது பெரும்பாலும் இந்த மூன்றும்தான், தனியாகக் குறித்து வையுங்கள்.