நாக்கு அரிக்காத பிரண்டைத் துவையல்

பிரண்டை அரிக்கிறது என்று ஒருமுறை செய்துவிட்டு ஒதுக்குபவர்கள் நிறைய. தவறு பெரும்பாலும் அடுப்பில் நடப்பதில்லை, வேலியோரம் பறிக்கும்போதே நடந்துவிடுகிறது. தண்டு முற்றியிருந்தால் எவ்வளவு வதக்கினாலும் நாரும் அரிப்பும் போகாது.

கொடியின் நுனியிலிருந்து மூன்று, நான்கு கணு வரை மட்டும் எடுங்கள். நகத்தால் அழுத்தினால் உள்ளே இறங்க வேண்டும், ஒடித்தால் பட்டென்று ஒடிய வேண்டும். நாலு பட்டைத் தண்டு என்பதை மட்டும் பார்த்துப் பறிக்காதீர்கள். சதுரக்கள்ளிக்கும் பட்டைத் தண்டுதான், ஆனால் அதில் முள் இருக்கும், கீறினால் பால் வடியும். பிரண்டையில் பால் வராது, கணுவில் சுருள் கம்பியும் சின்ன இலையும் இருக்கும். சாக்கடை ஓரத்திலும் மருந்தடித்த வயல் வரப்பிலும் வளர்ந்தது வேண்டாம்.

ஆய்வதற்கு முன் இரண்டு கையிலும் நல்லெண்ணெய் தாராளமாகத் தடவிக்கொள்ளுங்கள். பிரண்டையில் ஊசி போன்ற கால்சியம் ஆக்சலேட் படிகங்கள் இருக்கின்றன. அவை தோலில் குத்துவதால்தான் அரிக்கிறது. எண்ணெய் தடவாமல் ஆய்ந்து கை அரிக்க ஆரம்பித்தால் வெறும் தண்ணீரில் கழுவிப் பயனில்லை. புளிக்கரைசலைத் தேய்த்துக் கழுவிவிட்டு எண்ணெய் தடவுங்கள். கணுக்களை வெட்டி நீக்கி, நான்கு விளிம்பு நாரையும் உரித்து, அரை அங்குலத் துண்டாக நறுக்குங்கள்.

ஒரு கப் துண்டுக்கு: உளுத்தம்பருப்பு 2 மேசைக்கரண்டி, காய்ந்த மிளகாய் 5 அல்லது 6, புளி சின்ன எலுமிச்சை அளவு, பெருங்காயம் ஒரு சிட்டிகை, உப்பு, நல்லெண்ணெய் 3 மேசைக்கரண்டி. வேறு எண்ணெய் வேண்டாம், இந்தத் துவையலின் ருசியே நல்லெண்ணெயில்தான் இருக்கிறது. தேங்காய் போடுபவர்கள் உண்டு. போட்டால் அன்றே தீர்த்துவிட வேண்டும்.

ஒரு கரண்டி எண்ணெயில் பருப்பு, மிளகாய், பெருங்காயத்தைச் சிவக்க வறுத்து எடுத்துவிடுங்கள். மீதி எண்ணெயை ஊற்றி, பிரண்டையை மிதமான தீயில் வதக்குங்கள். இங்கேதான் அவசரப்படுகிறார்கள். நாலைந்து நிமிடத்தில் பச்சை நிறம் மங்கியதும் வெந்துவிட்டது போல் தெரியும். அது போதாது. துண்டுகள் சுருங்கி, பழுப்பும் பச்சையும் கலந்த நிறத்துக்கு வந்து, பச்சை வாசனை முழுக்கப் போக வேண்டும். அதற்குப் பத்து நிமிடமாவது ஆகும். தண்ணீர் தெளிக்காதீர்கள், தெளித்தால் வதங்காமல் வேகும். கடைசி நிமிடத்தில் புளியைப் போட்டுப் புரட்டி இறக்குங்கள். இரும்புச் சட்டியில் வதக்கினால் புளி போட்டதும் வேறு பாத்திரத்துக்கு மாற்றிவிடுங்கள், இல்லாவிட்டால் கறுத்து இரும்பு வாடை ஏறும்.

ஆறியதும் பருப்பு, மிளகாய், உப்பைக் கொரகொரப்பாகப் பொடித்து, பிறகு பிரண்டையும் புளியும் சேர்த்து அரையுங்கள். அம்மி இருந்தால் அம்மிதான். மிக்சி என்றால் விட்டுவிட்டு ஓட்டுங்கள், தண்ணீர் இரண்டு கரண்டிக்கு மேல் வேண்டாம். அரைத்த பிறகும் அரித்தால் இன்னும் கொஞ்சம் புளிக்கரைசல் விட்டு, எண்ணெயில் மறுபடி சுருள வதக்குங்கள். சூடான சோற்றில் நல்லெண்ணெய் ஊற்றிப் பிசைந்து சாப்பிட வேண்டியது.

பசி எடுக்கவும் செரிமானத்துக்கும் பிரண்டையைக் கொடுப்பது வீட்டு வழக்கம். சுளுக்குக்கு, பிரண்டைச் சாற்றில் புளியும் உப்பும் கரைத்துக் குழம்பாகக் காய்ச்சி, இளஞ்சூட்டில் பற்றுப் போடுவார்கள். தோல் கிழிந்த இடத்தில் போடக் கூடாது. எலும்பு முறிந்திருக்கலாம் என்று சந்தேகம் இருந்தால் முதலில் எக்ஸ்ரே, பற்றெல்லாம் பிறகு. சிறுநீரகக் கல் இருப்பவர்கள் ஆக்சலேட் காரணமாகத் தவிர்ப்பது நல்லது. கர்ப்பிணிகளும் சர்க்கரைக்கு மாத்திரை எடுப்பவர்களும் மருத்துவரைக் கேட்காமல் அடிக்கடி சாப்பிட வேண்டாம். பச்சைச் சாறாக யாருமே குடிக்காதீர்கள்.

பறித்ததில் முற்றிய தண்டு இருந்தால் எறியாமல், ஒரு கணு மண்ணுக்குள் இருக்கும்படி தொட்டியில் ஊன்றிவையுங்கள். தண்ணீர் தேங்காமல் பார்த்துக்கொண்டால் போதும், கொழுந்துக்கு வேலி தேடி அலைய வேண்டியதில்லை.