கேர்னல் எண்களைக் கையால கணக்குப் போடாதேங்கோ

யாழ்ப்பாணத்தில பழைய பேப்பர், ஏட்டுச்சுவடி எண்டு ஸ்கான் பண்ணித் தெளிவாக்கிற ஆக்கள் இப்ப கனபேர் இருக்கினம், அவைக்குத்தான் இது. கேர்னல் எண்டா படத்தின்ர ஒவ்வொரு புள்ளியையும் பக்கத்துப் புள்ளியளோட சேர்த்துக் கணக்குப் போடுற சின்ன எண் கட்டம். இமேஜ்மஜிக் எண்ட படம் திருத்திற மென்பொருளின்ர கொமாண்ட் லைன்ல, படத்தை பிளர் பண்ணிற கௌசியன் கேர்னலை அதுவே செய்து தரும். மோர்ஃபொலஜி ஒப்ஷன்ல கன்வால்வ் (கேர்னலைப் படம் முழுக்க ஓட்டிறது) எண்டு போட்டு, கௌசியனுக்கு ரேடியஸ் 0, சிக்மா (பிளர் எவ்வளவு பரவுது எண்ட அளவு) 2 குடுங்கோ, ரேடியஸ் 0 எண்டால் சைஸை சிக்மாவைப் பாத்து அதுவே முடிவெடுக்கும். ஷோகேர்னல் டிஃபைனை 1 ஆக்கினா எண்கள் முழுக்க ஸ்கிரீன்ல வரும், கன்வால்வுக்குப் பக்கத்தில இட்டரேஷன் (எத்தினை தரம் செய்யிறது எண்டது) 0 எண்டு வைச்சா படத்தைத் தொடாமல் கேர்னலை மட்டும் பாக்கலாம், எனக்கு இதுதான் நல்லாப் பிடிச்சது, அந்த எண்களை அப்பிடியே பைதன் புரோகிராமுக்கும் குடுக்கலாமெல்லே. ஃபைல்ல சேவ் பண்ணிறதெண்டா பிழைச் செய்தியள் வாற வழியான ஸ்டாண்டர்ட் எரரைத்தான் திருப்பிவிடவேணும், வழமையான ஸ்டாண்டர்ட் அவுட்புட்டை இல்லை.

எழுத்தைக் கூர்மையாக்கிற ஷார்ப்பனுக்கு 3x3 கேர்னல்ல நடுவில 5, நாலு பக்கமும் -1, மூலையளில 0. கூட்டுத்தொகை 1 வந்தாத்தான் வெளிச்சம் மாறாது, நடுவில 4 போட்டா 0 வந்திடும், பிறகு விளிம்புகள் மட்டும் மிஞ்சி தாள் கறுத்துப்போகும். பழுப்பேறின தாளுக்கு முதல்ல லேசா பிளர் பண்ணிப்போட்டு ஷார்ப்பன் பண்ணுங்கோ, இல்லாட்டி கறைப் புள்ளியளும் எழுத்தோட சேர்ந்து எழும்பும்.